தொண்ணூறு வினாடியில் ஒரு மலை

ஆகஸ்ட் 4, திங்கள்

இயக்குநர் ஆராவமுதன் கூப்பிட்டு அனுப்பினார். தேவிமட்டம் அறிக்கையைத் துறைக்கு அனுப்பி ஆறு மாதமாகிறது, ஒரு வரி பதில் இல்லை என்று வெள்ளிக்கிழமை அவருக்கு மின்னஞ்சல் போட்டிருந்தேன். அதற்காகத்தான் என்று நினைத்துப் போனேன்.

"செண்பகவல்லி, உங்க ஆராய்ச்சியில ஒரு குறையும் இல்ல. சொல்ற விதத்துலதான் குறை" என்றார். "சயின்டிஸ்ட் எல்லாம் ஆட்சியில இருக்கிறவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு அஞ்சு நாள் பயிற்சி நடத்துறாங்க. உங்க பேரைக் குடுத்துட்டேன்."

இருபத்தாறு வருடமாக மலைச்சரிவை அளக்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில் எனக்குப் பேசச் சொல்லித் தரப் போகிறார்கள். வீட்டில் சொன்னதும் இவர், "உனக்கா? பேசவா?" என்று கேட்டுவிட்டு நாளிதழுக்குள் தலையை விட்டுக்கொண்டார். மிக்ஸி ஜாடியைக் கொஞ்சம் ஓசையாகவே மேடையில் வைத்தேன். அது வேறு அடியில் கசிகிறது, ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

தேவிமட்டத்திலிருந்து ஜெசிந்தா டீச்சர் பேசினார். அங்கே நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. நீலகிரியில் அந்த ஊருக்கு நான் போகத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. பள்ளிக்கு மேலே இருக்கிற சரிவில் நானே இரும்புக் கம்பிகள் நட்டு, மாதாமாதம் அது எவ்வளவு நகர்கிறது என்று அளந்தேன். நகர்கிறது. அதை 214 பக்கத்தில் எழுதினேன். கீழே பள்ளியில் 118 பிள்ளைகள் படிக்கிறார்கள்.

"மேடம், நாலாம் வகுப்புச் சுவத்துல விரல் நுழையுற அளவு விரிசல் விட்டிருக்கு. அக்டோபர் மழைக்கு முன்னாடி ஏதாவது பேப்பர் வருமா?"

மேலிடத்தில் பேசப் போகிறேன், பயிற்சிக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்றேன். "பயிற்சி யாருக்கு மேடம்?" என்று கேட்டார். எனக்கு என்றேன். "சரி மேடம்" என்று போனை வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பயிற்சி, முதல் நாள். நட்சத்திர ஓட்டல், குளிர் எலும்பைத் துளைக்கிறது. அறிவியலாளர்கள் ஆறு பேர். கொசு ஆராய்கிறவர் ஒருவர், புயல் ஒருவர், மற்றவர்கள் பெயர் பிறகு. நடத்துகிற பெண் தாரிணி. முப்பத்தைந்து வயது இருக்கும். ஏழு நாடுகளில் அமைச்சர்களோடு பேசியவராம்.

"ஒரே ஒரு கதை. ஒரே ஒரு எண். ஒரே ஒரு கோரிக்கை. தொண்ணூறு வினாடி. அதுக்கு மேல எந்த மினிஸ்டரும் கேக்க மாட்டார்" என்றார். நான் 214 பக்கத்தைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். ஏதோ செத்த எலியை வைத்ததுபோல் பார்த்தார்.

உண்மையான கொள்கை வகுப்பாளர்களும் கூட இருந்து பழகுவார்கள் என்று அழைப்பிதழில் இருந்தது. செயலாளர் வருவதாக இருந்து, கூடுதல் செயலாளராகி, இணைச் செயலாளராகி, கடைசியில் வந்து சேர்ந்தது கோதண்டம் என்கிற உதவிப் பிரிவு அலுவலர். அரைக்கை சட்டை, கையில் டிபன் பாக்ஸ். ஓட்டலில் சாப்பாடு உண்டு என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. தாரிணியின் முகம் விழுந்துவிட்டது. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போட்டார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஓய்வு பெற்ற அதிகாரி சபேசன் அமைச்சராக நடித்தார். நான் போய்ப் பேச வேண்டும்.

"சரிம்மா, இந்த வருஷம் மலை சரியுமா, சரியாதா?"

"உறுதியாச் சொல்ல முடியாது சார். நூத்துக்கு அறுபதுல இருந்து எழுபத்தஞ்சு வரைக்கும் வாய்ப்பு இருக்கு. மழை அளவைப் பொறுத்து..."

"சொல்ல முடியாதுன்னா சந்தோஷம். அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கொசுக்காரர்கூடச் சிரித்தார். தாரிணி வந்து தோளைத் தொட்டு, "உங்க நேர்மை உங்க எதிரி" என்றார். அளந்ததைச் சொன்னால் எதிரியாம். வந்த கோபத்தில் இரண்டு குலாப் ஜாமூன் சாப்பிட்டேன்.

சாப்பிடும்போது கோதண்டம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மேடம், ஒண்ணு கேக்கலாங்களா? ஏழாம் நம்பர் கம்பிகிட்டதானே ரொம்ப நகருது? அதுக்கு நேர் கீழதானே நாலாம் வகுப்பு?"

ஆமாம் என்றேன். சபேசன் காபி எடுக்க எழுந்திருந்தார், அவருடைய போன் நம்பரை வாங்க வேண்டியிருந்ததால் நானும் எழுந்துவிட்டேன். ஏழாம் நம்பர் கம்பியைப் பற்றி இவருக்கு யார் சொன்னார்களோ.

ஆகஸ்ட் 20, புதன்

பேச்சைப் பன்னிரண்டு முறை எழுதினேன். தாரிணி பன்னிரண்டு முறை அடித்தார். வாய்ப்பு விகிதம் போயிற்று. கம்பிகள் போயின. மழை அளவு போயிற்று. மிச்சம் இருப்பது ஒரு பள்ளிக்கூடம், 118 பிள்ளைகள், நான்.

தேநீர் இடைவேளையில் மறுபடி கோதண்டம்.

"மேடம், உங்க கவரிங் லெட்டர்ல சரிவை நிலைப்படுத்தணும்னு கேட்டிருக்கீங்க. அது நாலு துறை, டெண்டர், சுவர் கட்டுறது, ரெண்டு வருஷம் ஆயிடும். பிள்ளைங்கள மாத்தணும்னா அது வேற கேள்வி. அதுக்கு மேல வரவே வேணாம். பள்ளி மேலாண்மைக் குழு ஒரு தீர்மானம் போடணும். ஹெச்.எம். ஒரு பக்கம் லெட்டர் எழுதணும். எந்தக் கட்டடத்துக்குப் போறோம்னு அதுலயே சொல்லிடணும். மாவட்டத்துலயே முடிஞ்சிடும்."

நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் அந்தக் கடிதத்தை எழுதியே கொண்டுவந்திருந்தார். நன்றி சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன். பாவம், நல்ல மனிதர். ஆனால் சின்னதாகவே யோசித்துப் பழகிவிட்டார். மாநிலம் முழுக்கக் கொள்கை மாற வேண்டும் என்று நாங்கள் ஆறு பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம், இவர் பெற்றோர் கூட்டத் தீர்மானம் என்கிறார்.

வெள்ளிக்கிழமை நிஜ அமைச்சரே வருகிறாராம். நன்றாகப் பேசுகிற ஒருவருக்கு மட்டும் அவர் முன்னால் பேச வாய்ப்பு. கொசுக்காரர் ஓயாமல் ஒத்திகை பார்க்கிறார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நான்தான்!

கண்ணாடித் தொட்டியில் மண்ணைச் சரிவாக அடுக்கி, அடியில் அட்டையால் செய்த பள்ளிக்கூடம் வைத்தேன். பேசிக்கொண்டே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். எண்பத்து நான்காவது வினாடியில் மண் சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. "ஐயா, அக்டோபரில் இது நடக்கும்" என்றேன். நடக்கலாம் என்று சொல்லவில்லை. அமைச்சர் கைக்குட்டையை எடுத்தார். "உடனடி நடவடிக்கை எடுக்கப்படும்" என்று மைக்கிலேயே அறிவித்தார். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிறகு போட்டோ. கோதண்டம் தொட்டியருகே குனிந்து எதையோ பார்த்துக்கொண்டு குறுக்கே நின்றார். கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொன்னேன். தள்ளிக்கொண்டார்.

திரும்பும் வழியில் மிக்ஸி ஜாடியைக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை தருவானாம்.

செப்டம்பர் 10, புதன்

அரசாணை வந்துவிட்டது! நான் பேசியதன் பலன், பத்தொன்பதே நாளில். அறிவியலுக்கும் ஆட்சிக்கும் இடையிலான உரையாடலை மேம்படுத்த ஒன்பது பேர் கொண்ட உயர்நிலைக் குழு. ஒருங்கிணைப்பாளர் நான். அடுத்த பயிற்சி வகுப்புகளையும் தாரிணியோடு சேர்ந்து நானே நடத்த வேண்டும். தேவிமட்டமும் இருக்கிறது, பத்தி பதினொன்றில். மழை முடிந்து பாதை சரியானதும் டிசம்பரில் குழு நேரில் பார்வையிடும்.

இவர் படித்துவிட்டு, "மழை முடிஞ்சப்புறமா?" என்றார். வங்கியில் இருந்தவருக்கு அரசாங்கம் நடக்கிற விதம் தெரியாது. முதலில் குழு அமைய வேண்டும் இல்லையா?

செப்டம்பர் 17, புதன்

ஜெசிந்தா டீச்சர் பேசினார். குரலில் தெம்பு.

"மேடம், சென்னையில இருந்து கோதண்டம் சார்னு ஒருத்தர் போன் பண்ணினாரு. எப்படி எழுதணும்னு வரி வரியாச் சொன்னாரு. உங்க அறிக்கையில ஒரு பக்கத்தையும் அனுப்பி, கூட இணைக்கச் சொன்னாரு. நேத்து பெற்றோர் எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. மூடிக் கிடக்குற தேயிலை ஆலைக் கூடம் இருக்குல்ல, அதைத் தர்றேன்னு ஓனரும் ஒத்துக்கிட்டாரு. நீங்க சொல்லித்தான் போன் பண்றதா சார் சொன்னாரு. ரொம்ப நன்றி மேடம்."

லைன் சரியில்லை, கரகரவென்றிருந்தது. அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 24, புதன்

பட்டுப்புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். பயிற்சிக்காக என்னை வைத்துப் படம் எடுக்கிறார்கள்.

அக்டோபர் 6, திங்கள்

படப்பிடிப்பு. நெற்றியில் ஏதோ பூசினார்கள், துடைத்தார்கள், மறுபடி பூசினார்கள். 'ஒரே ஒரு கதை' என்கிற பகுதிக்கு மட்டும் பதினேழு டேக். போனைப் பையிலேயே வைத்துவிட்டேன். மாலையில் பார்த்தால் ஜெசிந்தா டீச்சரிடமிருந்து மூன்று தவறிய அழைப்பு, ஒரு படம். பிள்ளைகள் தலையில் பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு தேயிலை ஆலைக்குள் போகிறார்கள். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி அங்கேதான் திறந்ததாம்.

நல்லது. குழு கொடுக்கிற அழுத்தம் வேலை செய்கிறது. குழு இன்னும் ஒருமுறைகூடக் கூடவில்லை என்றாலும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. எல்லாம் நனைந்து, ஒரு சரம்கூட வெடிக்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன்.

காலை பதினொன்று பத்துக்குத் தேவிமட்டம் சரிந்தது. நான் அப்போது தாரிணியோடு இரண்டாவது பயிற்சி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா டீச்சர் அழைத்தார், வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. "பிள்ளைங்க? டீச்சர், பிள்ளைங்க?" என்று கத்தினேன். வகுப்பே எழுந்து நின்றது.

"எல்லாரும் ஆலையில இருக்காங்க மேடம். எண்ணிட்டேன். ரெண்டு தடவை எண்ணிட்டேன். நூத்திப் பதினெட்டு. பள்ளிக்கூடம்தான் இல்ல. நாலாம் வகுப்பு இருந்த இடமே தெரியல."

கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். தாரிணி கதவைத் தட்டி, "மேம், இது எவ்வளவு பெரிய வெற்றிக் கதை தெரியுமா?" என்றார். அவர் குரலும் உடைந்துதான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 24, வெள்ளி

எல்லாத் தொலைக்காட்சியிலும் நான். பட்டுப்புடவையில் எடுத்த அந்தப் படத்தையே ஓட்டுகிறார்கள். 'மலையின் மொழியை அமைச்சருக்குப் புரியவைத்த பெண்.' ஆராவமுதன் எனக்காக மாலையோடு வாசலில் நிற்கிறார். நவம்பர் மூன்றாம் தேதி விருதாம்.

பள்ளியை இடம் மாற்றிய ஆணையின் நகலை மாவட்டத்திலிருந்து வாங்கிப் படித்தேன். குழுவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அமைச்சர் இல்லை. என் தொண்ணூறு வினாடி இல்லை. பார்வை ஒன்று: பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம். பார்வை இரண்டு: தலைமையாசிரியை கடிதம். பார்வை மூன்று: நிலவியல் அறிக்கை, பக்கம் 137, அட்டவணை 22, ஏழாவது கம்பி.

அந்தப் பக்கத்தில் என்ன எழுதினேன் என்று எனக்கே எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மனிதர் 136 பக்கம் தாண்டி வந்து அதைப் படித்திருக்கிறார். பயிற்சிக்கு வருவதற்கு முன்பே படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஏழாம் நம்பர் கம்பியைப் பற்றி என்னிடம் கேட்டாரே. நான் காபி மேசைக்கு ஓடினேன்.

வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 27, திங்கள்

கோதண்டத்தைப் பார்க்கப் போனேன். நீள அறை, மின்விசிறிக்கு அடியில் பறக்காமல் இருக்கக் கோப்புகள் மேல் கோப்புகள். அவர் மேசையில், துறைக்கு நான் அனுப்பிய அதே அறிக்கை. தைத்த நூல் தெரிகிற அளவுக்குப் புரட்டப்பட்டு, பக்கங்களுக்கு இடையே கிழித்த காகிதத் துண்டுகள். நான் எழுதியது இப்படிப் படிக்கப்பட்டு இதுவரை பார்த்ததில்லை.

"உக்காருங்க மேடம். நல்லபடியா முடிஞ்சுதே, அது போதும்" என்றார்.

"மேடையில உங்க பேரைத்தான் சொல்லப் போறேன்" என்றேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அய்யய்யோ, அதெல்லாம் வேணாம் மேடம். ஒரு ஏ.எஸ்.ஓ. நேரா ஹெச்.எம்.முக்குப் போன் போட்டான்னு தெரிஞ்சா எனக்கு மெமோதான் வரும். அதுவும் நீங்க சொன்னதா வேற சொல்லிட்டேன். மே மாசம் ரிடயர்மென்ட். பென்ஷன் பேப்பர் இப்பதான் நகருது. என் பேரு எங்கயும் வரக் கூடாது. உங்க பேருலயே இருக்கட்டும்."

"நான் ஒண்ணுமே செய்யலையே கோதண்டம்."

"எழுதினீங்களே மேடம். நான் படிச்சேன், அவ்வளவுதான்."

பிறகு அறிக்கையைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். பக்கம் 160. "இதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். இந்தப் பதினோரு இடத்துக்கு என்ன பண்றது? எல்லாம் பள்ளிக்கூடம், பால்வாடிதான். மழை டிசம்பர் வரைக்கும் இருக்கே? இதுல எங்க மாத்தணும்னு நீங்க எழுதல."

பதினோரு இடம். நான் அளந்தவைதான், என் அட்டவணைதான். ஒரே ஒரு கதை போதும் என்றார்கள், மற்றதை வெட்டினேன். வீட்டுக்கு வந்து இந்த நாட்குறிப்பை ஆகஸ்டிலிருந்து புரட்டிப் பார்த்தேன். மிக்ஸி ஜாடிக்கு இரண்டு இடத்தில் வரி ஒதுக்கியிருக்கிறேன். அந்தப் பதினொன்றைப் பற்றி எங்கேயும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு நானே பேசும்போதுகூட வெட்டிவிட்டுத்தான் பேசியிருக்கிறேன்.

நவம்பர் 3, திங்கள்

விருது. சால்வை, கேடயம். கோதண்டம் கேட்டுக்கொண்டபடி அவர் பெயரைச் சொல்லவில்லை. இங்கேயாவது இருக்கட்டும்: 118 பிள்ளைகளை அந்தக் கட்டடத்திலிருந்து வெளியே கொண்டுவந்தவர்கள் கோதண்டமும் ஜெசிந்தா டீச்சரும். நான் அன்று முகத்துக்குப் பூசிக்கொண்டிருந்தேன்.

மேடையில் பக்கத்தில் உட்கார்ந்த அமைச்சரிடம் பதினோரு இடங்களைப் பற்றிச் சொன்னேன். "குழுவுல வைங்கம்மா" என்றார். குழு என்பது நான்தான். கேடயத்தை ஆராவமுதன் கையில் கொடுத்துவிட்டு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

நவம்பர் 6, வியாழன்

பாறைக்கொம்பை. அட்டவணையில் முதல் இடம். தொடக்கப்பள்ளி, 62 பிள்ளைகள். மழைக்கோட்டு, முழங்கால்வரை சேறு, கையில் ஒரே ஒரு பக்கம். நேற்று மழை விடுமுறை, மாற்றுவதற்கு இடம் தேடி நாள் முழுவதும் நானும் ஜெசிந்தா டீச்சரும் நடந்தோம். கடைசியில் மேட்டில் ஒரு சமுதாயக் கூடம் கிடைத்தது. டீச்சருக்குப் பள்ளி இருந்ததால் இன்று நான் தனியாகப் போனேன்.

தலைமையாசிரியர் போஜன் நல்ல உயரம், நல்ல முன்கோபம். காகிதத்தைத் தொடவே இல்லை.

"சுவர் கட்டித் தர்றோம்னு வருஷத்துக்கு ஒருத்தர் வர்றீங்க. நீங்க எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லைங்க. நான் நிலவியல்..."

"இந்தா பாருங்கம்மா. தேவிமட்டம் பிள்ளைங்களைக் காப்பாத்தினாங்களே ஒரு பெரிய மேடம், டிவியில தினம் காட்டுறாங்க. அவங்க வந்து சொல்லட்டும், நாளைக்கே மாத்துறேன். கண்டவங்க பேச்சைக் கேட்டுப் பிள்ளைங்களை மழையில இழுத்துட்டுப் போக முடியாது."

"அது நான்தான்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவங்க பட்டுப்புடவை கட்டியிருந்தாங்க."

மழைக்கோட்டின் தொப்பியைத் தள்ளினேன். போனை எடுத்து, நான் வெறுக்கிற அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு இருக்கையிலிருந்து எழுந்தார். காகிதத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். மாலை நான்கு மணிக்குப் பெற்றோரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நாளைக் காலை மாற்றுகிறார்கள்.

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. டீச்சர்தான், கோதண்டம்தான், நான் இல்லை என்று. சொன்னால் இவர் உட்கார்ந்துவிடுவார், காகிதம் என் கைக்கே திரும்பி வரும். இன்னும் பத்து இடத்துக்கு இந்த முகத்தோடுதான் போயாக வேண்டும்.

போஜன் அத்தனை பிள்ளைகளையும் வராந்தாவில் வரிசையாக நிறுத்தினார். "பிள்ளைகளா, இவங்கதான் தேவிமட்டத்துல நூத்திப் பதினெட்டுப் பேரைக் காப்பாத்தின மேடம். எல்லாரும் நல்லாக் கை தட்டுங்க" என்றார். அறுபத்திரண்டு பேரும் தட்டினார்கள். சின்னதுகள் நிறுத்தத் தெரியாமல் தட்டிக்கொண்டே இருந்தன. நான் கைகூப்பிக்கொண்டு, அவர்கள் தட்டி முடிக்கும்வரை நின்றேன்.